கப்பியா, ஃபைட்டரா? அறுபது பாட்டில் கழுவியவனின் கணக்கு

மீன் தொட்டி வைத்து ஆறு மாதம் ஆனால் போதும், குஞ்சு எடுத்துப் பார்க்கலாமே என்று கை அரிக்க ஆரம்பித்துவிடும். தங்கமீனுக்கு இடம் பற்றாது, ஏஞ்சல் மீனுக்கு நமக்குப் பொறுமை பற்றாது. கடைசியில் குட்டி போடும் கப்பியா, முட்டையிடும் ஃபைட்டரா என்றுதான் வந்து நிற்போம். நானும் அப்படித்தான் நின்றேன். சென்னையில் வாடகை வீடு, மொட்டை மாடியில் ஒரு மூலை. ஃபைட்டரை இரண்டு முறை இனப்பெருக்கம் செய்தேன், அப்புறம் கப்பிக்கு மாறி இன்றுவரை அதிலேயே இருக்கிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடக்கச் செலவு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும், அதுவும் இரண்டுக்கும் பொது. போர் தண்ணீரின் கடினத்தன்மை கப்பிக்குப் பிடிக்கும். ஃபைட்டர் அதில் சமாளித்துக்கொள்ளும் என்றாலும், காய்ந்த பாதாம் இலை ஒன்றைப் போட்டால் இன்னும் தெம்பாக இருக்கும்.

கண்ணுக்கு விருந்து எது என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் ஃபைட்டர்தான். அரை அடிக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு, ஒரு தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டால், ஆண் அதன் அடியில் நுரைக்கூடு கட்டும். பெண்ணை ஒரு நாள் பாட்டிலுக்குள் வைத்துக் காட்டிவிட்டுத் திறந்துவிட வேண்டும். ஆண் பெண்ணை வளைத்து அணைக்க, முட்டைகள் வெள்ளை மணலாக உதிரும். அவற்றை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். முடிந்ததும் பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் அதைக் கிழித்துவிடும். ஒன்றரை நாளில் பொரியும். அதன்பின் இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் கூட்டில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கும். அவை நேராக நீந்த ஆரம்பித்ததும் அப்பாவையும் வெளியேற்ற வேண்டும். வீடியோக்கள் எல்லாம் இந்த இடத்தில் முடிந்துவிடும். நம் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் பத்து நாள் சாப்பாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஃபைட்டர் குஞ்சு கண்ணிமை முடித் துண்டு போல இருக்கும், வாய் அதைவிடச் சின்னது. பொடித்த தீவனத்தை அது சீண்டாது. அன்று பொரித்த ஆர்ட்டீமியாவே (உப்புநீரில் வாழும் குட்டி இறால் போன்ற உயிர்) பல குஞ்சுகளுக்கு முதல் சில நாள் பெரிய கவளம். இன்ஃபுசோரியா எனும் நுண்ணுயிர்கள் வேண்டும். வைக்கோலோ வாழைப்பழத் தோலோ தண்ணீரில் ஊறவைத்தால், முதலில் நாறிக் கலங்கி, நான்கைந்து நாளில் தெளியத் தொடங்கும்போது அவை பெருகியிருக்கும். முதல் முறை, குஞ்சு நீந்திய அன்றுதான் நான் வாழைப்பழத் தோலைத் தேடினேன். அது தயாரானபோது சாப்பிட ஆளே இல்லை. இரண்டாம் முறை இணை சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஊறல் போட்டேன், பிழைத்தன.

அப்புறம் ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 25 கிராம் கல்லுப்பு, காற்றுக் குழாய், 24 மணி நேரம். தினமும் புதிதாகப் பொரித்தால்தான் சத்து என்பதால் இரண்டு பாட்டில் மாறி மாறி ஓட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு மேலே வந்து காற்றைக் குடிக்கப் பழகும் வரை தொட்டியை மூடியே வைக்க வேண்டும்.

இதையெல்லாம் தாண்டினால் அடுத்த சோதனை. இரண்டு, இரண்டரை மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கும். துடுப்பு கிழிந்தால் விலை போயிற்று. ஆளுக்கொரு பாட்டில் வேண்டும். எனக்கு அறுபது ஆண்கள் தேறின. அறுபது பாட்டில், ஃபில்டர் இல்லை, இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போக வேண்டுமென்றால் யாரிடம் ஒப்படைப்பது? பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், அறுபது பாட்டிலைப் பார்த்துக்கொள் என்று பக்கத்து வீட்டில் சொல்ல முடியுமா? விற்பனைக்குப் போனால், கடைக்காரர் துடுப்பு நன்றாக விரிந்த ஆண்களில் இருபதை மட்டும் எடுத்துக்கொண்டு, பெண்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கப்பியில் இந்தத் தலைவலி மொத்தமும் இல்லை. குட்டியாகவே பிறக்கிறது, ஆறேழு மில்லிமீட்டர் இருக்கும். பிறந்த அன்றே விரலில் நசுக்கிய தீவனத்தைச் சாப்பிடும். ஆர்ட்டீமியா கொடுத்தால் வேகமாக வளரும், கொடுக்காவிட்டாலும் சாகாது. (அவித்த மஞ்சள் கரு மட்டும் வேண்டாம், தண்ணீர் கெட்டுவிடும்.) ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஈனும். தாயே குட்டியைத் தின்னும் என்பது உண்மைதான். அதற்கு வலைப்பெட்டியில் தாயை அடைத்து வதைப்பதைவிட, வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டுவிட்டாலே போதுமான குட்டிகள் தப்பிவிடும். ஆணையும் பெண்ணையும் ஜோடியாகவே வாங்குவார்கள் என்பதால் பாதி மீன் வீட்டிலேயே தங்கிப்போவதும் இல்லை.

கப்பியில் உழைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பெண் கப்பி ஒரு முறை சேர்ந்தால் அந்த விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். கடைத் தொட்டியில் எவனோடோ சேர்ந்த பெண்ணை வாங்கிவந்து, நம் சிவப்பு ஆணோடு விட்டு, சாம்பல் குட்டிகளைப் பார்த்து விழிப்போம். ரகம் சுத்தமாக இருக்க வேண்டுமானால், நான்காவது வாரம் முதலே குட்டிகளைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆணுக்கு அடித்துடுப்பு குச்சி போல ஒடுங்கும், பெண்ணுக்கு வயிற்றடியில் கருத்த புள்ளி தெரியும். தாமதித்தால் அவ்வளவுதான். அதே குடும்பத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டே போனால் சில தலைமுறையில் முதுகு வளைந்த குட்டிகள் வரும், வால் சுருங்கும். அதே ரகத்தில் வேறு இடத்து மீனைச் சேர்க்க வேண்டும். நான் வளர்ப்பது சிவப்பு ரகம் மட்டும், எனவே மற்ற ரகங்கள் பற்றி நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கலப்புக் கப்பிக்கு, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் கிடைப்பது டீக் காசுதான். சுத்த ரக ஜோடி என்றால் பேசலாம்.

ஒரு விஷயத்தில் ஃபைட்டர்தான் கெட்டிக்காரன். மேலே வந்து காற்றையே சுவாசிப்பதால் மின்சாரம் போனால் கவலைப்படாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது, நெருக்கமாக இருந்த கப்பித் தொட்டியில் இரவெல்லாம் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது பேட்டரியில் ஓடும் ஏரேட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், தொட்டியிலும் கூட்டத்தைக் குறைத்துவிட்டேன். கூட்டம் குறைக்கிறேன் என்று ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், அங்கிருக்கும் நாட்டு மீன்களுக்கு அது கேடு. கடைக்காரருக்குச் சும்மா கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.

பகல் முழுக்க வீட்டில் இருப்பவர், வருடத்துக்கு ஒரே ஒரு முறை, அந்த நுரைக்கூட்டுக் காட்சிக்காக என்றால் ஃபைட்டர் செய்து பாருங்கள். வேலைக்குப் போய் வருகிறவர் கப்பியோடு நிறுத்திக்கொள்ளலாம். என் அறுபது பாட்டிலில் பாதி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. போன வருடம் வாங்கிய நீல ஃபைட்டர் ஒன்று மட்டும் மேசைமேல் தனித் தொட்டியில் இருக்கிறது. வாரம் தவறாமல் நுரைக்கூடு கட்டுகிறது, தண்ணீர் மாற்றும்போது நானும் வாரம் தவறாமல் கலைத்துவிடுகிறேன்.