பிஸ்டன் ரிங் மாட்டக் கை போதுமா, பிளையர் வேண்டுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கமும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் விசைப்படகு எஞ்சினைப் பிரித்துப் போட இதைவிடத் தோதான நேரம் கிடையாது. லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) செட் விலையில் நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டும் படகுக்காரர்கள், ரிங் மாட்டும்போது டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

வெறுங்கையால் மாட்டுபவர்கள்தான் அதிகம். இரண்டு கட்டைவிரலால் முனைகளை விரித்து, ஒரு முனையைப் பிஸ்டனைச் சுற்றியுள்ள காடியில் நுழைத்து, மீதியைத் திருகினாற்போல் சுற்றி இறக்குவார்கள். வேகமான வேலைதான். வார்ப்பிரும்பு ரிங் உடைந்தால்கூடப் பரவாயில்லை, அப்போதே தெரிந்துவிடும். முறுக்கிக்கொண்டால்தான் வினை. பார்வைக்கு முழுசாக இருக்கும், காடியில் மட்டமாக உட்காராது. சந்தேகம் வந்தால் ரிங்கைக் கழற்றிக் கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். ஆடினால் தூக்கிப் போடுங்கள்.

ரிங்கை விரிப்பதற்கென்றே உள்ள பிளையர் இரண்டு முனையையும் ஒரே மட்டத்தில் விரிக்கிறது. ஆனால் கையில் கருவி இருக்கிறதே என்று அகலமாக விரித்தால் ரிங்கின் விறைப்பு போய்விடும். பிஸ்டனைத் தாண்டும் அளவுக்கு விரித்தால் போதும். பிளையர் இல்லையென்றால், மூன்று நான்கு மெல்லிய தகரப் பட்டைகளை ரிங்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கொடுத்து வழுக்கி இறக்கலாம். பொறுமை வேண்டும், ஆனாலும் வெறுங்கைக்கு எவ்வளவோ மேல். எதில் மாட்டினாலும் அடியிலுள்ள, ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங் முதலில், மேல் ரிங் கடைசியில்.

மாட்டுவதற்கு முன்னால் கேப், அதாவது ரிங் முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி பார்க்க வேண்டும். ரிங்கைத் தனியாக லைனருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்கார வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளப்பது. 100 மி.மீ. போருக்குச் (லைனரின் உள்விட்டம்) சுமார் 0.3 முதல் 0.4 மி.மீ. என்பது பொதுக்கணக்கு, எஞ்சின் மேனுவல் சொல்வதுதான் முடிவு. பழைய லைனர் என்றால், தேய்மானம் குறைந்த கீழ்ப்பகுதியில் அளக்க வேண்டும். கேப் கொஞ்சம் கூடினால் கம்ப்ரஷன் சற்றுக் கசியும். குறைந்தாலோ, சூட்டில் முனைகள் முட்டி லைனரையே கீறிவிடும். இதில் பாதி பேர் அளப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

குரோம் ரிங்கா, சாதா வார்ப்பிரும்பா? குரோம் நீண்டநாள் உழைக்கும், லைனரோடு ஒட்டிப் படியத்தான் நேரமெடுக்கும். பழைய லைனரை ஹோனிங் (உட்புறத்தைக் கல்லால் தேய்ப்பது) மட்டும் செய்து ஓட்டுகிறவருக்குச் சாதா ரிங் சீக்கிரம் படியும். குரோம் பூசிய லைனருக்குள் மட்டும் குரோம் ரிங்கைப் போடவே கூடாது.

அப்புறம் ரிங்கின் மேல்பக்கத்தைக் காட்டும் 'டாப்' குறி. ஒருமுறை எங்கள் படகில் இரண்டாம் ரிங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். ஆயிலைக் கீழே வழிக்க வேண்டிய விளிம்பு மேலே ஏற்றியது. துறைமுகத்தைத் தாண்டும் முன்பே நீலப்புகை. குறி பிஸ்டன் தலைப்பக்கம் இருக்க வேண்டும். மூன்று ரிங் என்றால் கேப்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

பிஸ்டனை லைனருக்குள் இறக்க, ரிங்குகளைச் சுற்றி இறுக்கும் பட்டை கம்ப்ரஸர் பல அளவுக்கும் பொருந்தும். ஒரே மாதிரி எஞ்சின்களையே பார்க்கும் பட்டறைக்கு, உட்புறம் சரிவாகக் குறுகும் சரிவு வளையம் லாபம். எதுவானாலும் சுத்தியலின் மரப்பிடியால் தட்டித் தள்ளினால் வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஓங்கி அடிக்காமல் வெளியே எடுத்துப் பாருங்கள். ஏதோ ஒரு ரிங் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.