ஒன்டாரியோ ஏரியில் வாங்கிய ட்ரோலிங் சாமான்கள்: முட்டம் கடலில் ஆறு வருட அனுபவம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் ட்ரோலிங் என்றால் விசைப்படகு இழுக்கிற மடிவலைதான் எல்லோர் மனதிலும் வரும். பக்கத்துக் கேரளத்தில் மழைக்காலத் தடையையே ட்ரோலிங் நிரோதனம் என்றுதான் சொல்கிறார்கள். நான் எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. போட்டு, அதாவது படகு, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் இரண்டோ மூன்றோ தூண்டில்கள் தண்ணீருக்குள் இழுபட்டு வரும். மடி கடலடியையே வாரிக்கொண்டு வரும். இதில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன். எங்கள் பெரியவர்கள் கைநரம்பில் (நரம்பு என்றால் எங்களுக்குத் தூண்டில் நூல்) காலங்காலமாகச் செய்துவருவதும் இதுதான்.

2014 முதல் 2018 வரை நான் கனடாவில், மிசிசாகாவில் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் சின்னப் போட்டு இருந்தது. கோடையில் சனிக்கிழமை விடியுமுன் போர்ட் கிரெடிட்டிலிருந்து ஒன்டாரியோ ஏரிக்குள் போவோம். ஏரி என்று பெயர், ஆனால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. பரப்பு சுமார் 19,000 சதுர கிலோமீட்டர், நம் குமரி மாவட்டத்தைப் போலப் பதினொரு மடங்கு. பிடிப்பது சினூக் சால்மன், சில நாள் ட்ரவுட். சினூக் அந்த ஏரியில் பிறந்த இனம் இல்லை. அங்கே முன்பிருந்த அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போய்விட்டது. 1960களின் கடைசியில் பசிபிக் கரையின் சால்மன் குஞ்சுகளை அந்தப் பெரிய ஏரிகளில் கொண்டுவந்து விட்டார்கள். அலைவைஃப் என்று ஒரு மீன், நம் சாளைக்குச் சொந்தம் மாதிரி, தின்ன ஆளில்லாமல் பெருகி மிச்சிகன் ஏரிக்கரையில் குவியல் குவியலாகச் செத்து ஒதுங்கியது. அதைத் தின்ன வந்த மீன்தான் சினூக்.

கோடையில் அந்த ஏரியின் மேல்தண்ணீர் சூடாகிவிடும். கீழே போகப் போக ஓர் இடத்தில் சில மீட்டருக்குள்ளேயே வெப்பம் சட்டென்று இறங்கும். சினூக்குக்குப் பிடித்தது 10 முதல் 13 டிகிரித் தண்ணீர்; அது எந்த ஆழத்தில் இருக்கிறதோ அங்கேதான் நிற்கும். "தம்பி, மீன் எந்த ஆழத்தில நிக்குது எண்டு தெரியாமல் என்னத்தக் கட்டினாலும் வராது" என்று அண்ணன் முதல் நாளே சொன்னார். அங்கே விற்கிற சாமான்களில் பாதி, தூண்டிலைச் சரியான ஆழத்துக்குக் கொண்டுபோவதற்கென்றே செய்தவை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நான் அங்கேயிருந்து போனைக் கையில் பிடித்தபடி மூன்று நாள் தூங்காமல் கிடந்தேன். ஊரில் எங்கள் வீட்டு ஆட்கள் தப்பினார்கள். தப்பாதவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகு அங்கே மனம் ஒட்டவில்லை. 2019 தொடக்கத்தில் ஊருக்கே வந்துவிட்டேன், ஒரு பெட்டி நிறையச் சால்மன் சாமான்களோடு. ஊரில் என் சொந்த அண்ணனின் ஃபைபர் வள்ளத்தில், 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் என்ஜினில், ஐப்பசி முதல் மாசி வரை வாரம் ஒன்றிரண்டு நாள் நெய்மீனுக்கு (வஞ்சிரம்) போகிறோம். சூரையும் பாரையும் இடையில் வரும். ஆறு சீசன் ஆகிவிட்டது. எது நின்றது, எது போனது என்று இப்போது நிதானமாகச் சொல்லலாம்.

நான் அதிகம் நம்பிக்கொண்டு வந்தது டவுன்ரிகர். பக்கவாட்டில் பொருத்துகிற ஒரு சுருளி. மெல்லிய எஃகுக் கம்பியில் நாலரைக் கிலோ ஈயக்குண்டு தொங்கும். குண்டுக்கு மேலே ஒரு கிளிப், அதில் தூண்டில் நரம்பைக் கவ்வவைத்து இறக்க வேண்டும். மீன் அடித்தால் கிளிப் விட்டுவிடும், பிறகு பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம். ஏரியில் மணிக்கு இரண்டு, இரண்டரை மைல் வேகத்தில் இது கச்சிதமான கருவி. இங்கே நெய்மீனுக்கு மணிக்கு 5 கடல்மைல் ஓட்டினால் குண்டு பின்னால் சாய்ந்துவிடுகிறது. மீட்டரில் 30 என்று காட்டும். ஆனால் கம்பி 45 டிகிரி சாய்ந்திருந்தால் உண்மையான ஆழம் 21 மீட்டர்தான். போனில் கோணம் பார்க்கிற ஆப் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஓரளவு சரியாக வரும்.

வேகத்தைக் குறைத்தால் சமாளிக்கலாம், பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும் இடத்தில்தான் பயம். கடியப்பட்டணத்துக்கும் குளச்சலுக்கும் எதிரே தண்ணீருக்கு மேலே தலைநீட்டும் பாறைகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தலைநீட்டாதவை அதைவிட அதிகம், நெய்மீன் சுற்றுவதும் அங்கேதான். இரண்டாவது சீசனில் ஒரு காலை, குண்டு பாரில் மாட்டியது. போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கம்பி விறைத்துக்கொண்டது, வள்ளத்தின் அந்தப் பக்கம் ஒரு சாண் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. எங்களோடு வரும் மாமா என்ஜினை அணைத்துவிட்டுக் கட்டிங் பிளேயரால் கம்பியை நறுக்கினார். டவுன்ரிகரை இறுக்கியிருந்த நான்கு போல்ட்டில் இரண்டு ஃபைபரைப் பிய்த்துக்கொண்டு நின்றன. அப்புறம் உள்பக்கம் பலகை கொடுத்து இறுக்கினோம். குண்டைக் கம்பியில் நேராக மாட்டாமல் இடையில் பலம் குறைந்த நரம்பு ஒரு முழம் கட்டினோம். மாட்டினால் குண்டு மட்டும் போகும், ஆள் போகக் கூடாது. எஃகுக் கம்பியும் நாலாவது சீசனுக்குள் இழை இழையாகத் துருப்பிடித்து விரலைக் கிழிக்க ஆரம்பித்தது. இப்போது அதில் இருப்பது பின்னல் நூல். பார் இல்லாத வெளித்தண்ணீரில் மட்டும்தான் டவுன்ரிகரை இறக்குகிறேன்.

லெட்கோரை ஒரு யோசனையும் இல்லாமல் பரிந்துரைப்பேன். உள்ளே ஈய இழை, வெளியே பின்னல் நூல். பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். குண்டும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், நிறத்தை எண்ணி எண்ணி விட்டால் ஆழம் கிடைக்கும். ஏரியில் மெதுவாக ஓட்டும்போது ஒரு நிறத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். இங்கே மணிக்கு 3 கடல்மைலில் அதைவிடக் குறையும். பத்து நிறமும் விட்டால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன். பாரின் மேல்பக்கத்தில் ஓடுகிற நெய்மீனுக்கு அது போதும், அடியில் மாட்டுகிற பயமும் இல்லை. இதில் விழுந்த முதல் மீன் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆறாவது நிறம், மஞ்சள், ராடு நுனியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ரீலின் பிரேக்கை முழுதாகப் போடவில்லை. மஞ்சள் போய்ப் பச்சை, பச்சை போய்ச் சிவப்பு என்று நிறங்கள் கண்ணுக்கு முன்னால் பறந்தன. மாமா திரும்பிப் பார்த்து, "மக்கா, இறுக்காத, அவன் ஓடட்டு" என்றார். எட்டுக் கிலோ சொச்சம் இருந்தது.

லீடரில், அதாவது நரம்பு நுனிக்கும் முள்ளுக்கும் இடையில் கட்டுகிற துண்டில், நான் கொடுத்த விலை அதிகம். சால்மனுக்கு ஃப்ளோரோகார்பன் நரம்பு போதும், பல் அவ்வளவு கூர்மை இல்லை. அதே பழக்கத்தில் முதல் நாள் இங்கே மூன்று ஸ்பூன் (மீன் போல மின்னும் தகட்டு இரை) கட்டினேன், மூன்றும் போயின. சுருட்டி எடுத்துப் பார்த்தால் நரம்பு நுனி பிளேடால் நறுக்கியது போல நேர்வெட்டாக இருந்தது. நெய்மீன் இரையைப் பின்னாலிருந்து வந்து வாலோடு வெட்டும். அதனால் ஒரு முழத்துக்குக் குறையாமல் எஃகு லீடர் வேண்டும். தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் தடித்த கம்பியைக் கண்டு மீன் ஒதுங்குகிறது. பழுப்பு நிறத்தில் மெல்லிய ஒற்றைக் கம்பி நல்லது. ஒரு மீன் பிடித்ததும் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும், அந்த முறுக்கில்தான் அடுத்த மீன் அறுக்கும். முரலோ அயிலையோ இரையாகக் கோத்தால் வால் பக்கம் இன்னொரு முள் கட்டாயம். அது இல்லாத நாட்களில் பாதி இரைதான் திரும்பி வந்தது.

ஸ்பூன்களில் தகடு அருமை, முள் மோசம். சால்மன் ஸ்பூனோடு வரும் மூன்று முனை முள் நெய்மீனின் இழுப்பில் நிமிர்ந்துவிடும், வளையமும் துருவேறும். கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றை முள் மாட்டினேன். முள்ளின் கனம் கூடினால் ஸ்பூனின் ஆட்டம் மாறும். போட்டின் ஓரமாகக் கையளவு நரம்பில் இழுத்து, இலை விழுவதுபோல் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன். சுற்ற ஆரம்பித்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பந்து பேரிங் வைத்த ஸ்விவல் (சுழலும் இணைப்பு) இல்லாவிட்டால் அரை மணியில் நரம்பு முழுவதும் முறுக்கேறிவிடும். ஃப்ளாஷர் என்ற மின்னும் பலகை மெதுவான நாளில் மட்டும் உதவுகிறது. ஒன்றின் ஓரத்தில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருக்கிறது, மீன் ஸ்பூனை விட்டு அதையே கடித்திருக்கிறது. தூண்டிலை ஆழத்துக்கு இழுத்துப்போகிற தட்டு வடிவ டைவர் நம் வேகத்துக்கு இழுப்பு அதிகம், ஒரு மாதத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.

ரீல் விஷயத்தில் கொஞ்சம் மனக்குறை உண்டு. எத்தனை அடி நரம்பு வெளியே போயிருக்கிறது என்று எண் காட்டும் ரீல் இரண்டு வாங்கிவந்தேன். ஏரித்தண்ணீரில் நான்கு வருடம் குறையே சொல்லாமல் ஓடியவை, இங்கே எட்டாம் மாதத்தில் ஒன்று எண்ணை நிறுத்திவிட்டது. பிரித்துப் பார்த்தால் பற்சக்கரங்களுக்கிடையில் கல்லுப்பு மாதிரி உப்பு உறைந்திருந்தது, பித்தளைப் பகுதி பச்சை பூத்திருந்தது. தவறில் என் பங்கும் உண்டு: ஹோஸால் பீய்ச்சிக் கழுவியதில் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. இப்போது பிரேக்கை இறுக்கிவிட்டு, குவளையில் நல்ல தண்ணீர் மெதுவாக ஊற்றித் துடைக்கிறேன். காய்ந்ததும் பிரேக்கைத் தளர்த்திவைப்பேன். எண் காட்டாத சாதாரண கடல் ரீலுக்கும் மாறிவிட்டேன். நரம்பில் பத்து மீட்டருக்கு ஒரு முறை மார்க்கரால் கோடு போட்டால் அதே வேலை நடக்கிறது. எட்டரை அடி கண்ணாடியிழை ராடுகள் இரண்டும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன.

எந்தச் சாமானையும்விட எனக்கு அதிகம் மீன் தந்தது ஒரு கவனிப்பு. மூன்றாவது சீசனில் ஒன்று உறைத்தது: ஒரே பாரின் மேலே போகவர ஓட்டினாலும், ஒரு திசையில் போகும்போது மட்டும் மீன் அடித்தது. ஜிபிஎஸ்ஸில் இரண்டு பக்கமும் மணிக்கு 3 கடல்மைல்தான். மாமாவிடம் சொன்னேன். "நீவாட்டோட ஓடுறதும் நீவாட்டுக்கு எதுக்க ஓடுறதும் ஒண்ணாடே மக்கா?" என்றார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். ஜிபிஎஸ் காட்டுவது தரையைக் கணக்கிட்ட வேகம். ஸ்பூனுக்குத் தெரிவது தண்ணீரின் வேகம் மட்டும். ஏரியில் பெரிய போட்டுக்காரர்கள் குண்டுக்குப் பக்கத்தில் வேகமானி கட்டி இறக்குவது இதற்காகத்தான். இங்கே நான் ராடு நுனியைப் பார்க்கிறேன். அது துடிக்கிற துடிப்பு ஒரே மாதிரி இருக்கும்படி மாமா என்ஜினைக் கூட்டிக் குறைப்பார். மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துக் கணியம் பார்த்துப் பாரைக் கண்டுபிடிக்கிற ஆள், துடிப்பைப் பழகிக்கொள்ள ஒரு நாள்தான் ஆனது. மண்ணெண்ணெயில் ரொம்ப நேரம் மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும். மணிக்கொரு முறை கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட வேண்டும், மாற்று பிளக் ஒன்று கையில் இருக்கட்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் டவுன்ரிகருக்குக் காசு சேர்க்க வேண்டாம். ஒரு நல்ல கடல் ரீல், ஒரு சுருள் லெட்கோர், நாலைந்து ஸ்பூன், எஃகு லீடர், நல்ல ஸ்விவல் போதும். லைஃப் ஜாக்கெட்டை அந்தப் பட்டியலில் முதலாவதாக எழுதுங்கள். இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை எச்சரிக்கை பார்க்காமல் எங்கள் வள்ளம் இப்போது இறங்குவதே இல்லை.

என் இரண்டாவது லெட்கோர் சுருளும் போன மாசியோடு தேய்ந்துவிட்டது. மாமா உறையை உரித்து ஈயத்தை உருக்க எடுத்துவைத்திருக்கிறார். மிசிசாகா அண்ணன் கிறிஸ்துமஸுக்கு யாழ்ப்பாணம் வருகிறார், வழியில் இங்கேயும் நான்கு நாள். புதுச் சுருள் அவர் பெட்டியில் வருகிறது.