கொட்டெல்னிகோவும் லவுட்மாக்ஸும்: வன்னி ஸ்ரூடியோக்களின் மாஸ்ரர் ட்ராக்குக்கு இந்த இரண்டும் போதுமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துச் சின்ன ஸ்ரூடியோக்களுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு கோயில் பக்திப்பாடல் இறுவட்டும், கூத்துப் பதிவும், யூரியூப்பில் ஏற்றும் தனிப்பாட்டும்தான். இவற்றின் மாஸ்ரர் ட்ராக்குக்கு, அதாவது எல்லா ட்ராக்கும் சேர்ந்து வெளியேறும் கடைசி ட்ராக்குக்கு, காசு கொடுத்து எந்த ப்ளகினும் (பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் சிறு கருவி) வாங்கத் தேவையில்லை. டோக்கியோ டோன் லாப்ஸ் வெளியிட்ட ‘ரிடிஆர் கொட்டெல்னிகோவ்’ கொம்ப்ரசரும் தோமஸ் முண்ட் எழுதிய ‘லவுட்மாக்ஸ்’ லிமிற்றரும் இலவசம். பென் டிரைவில் கைமாறும் கிராக் ப்ளகின்களை இவற்றுக்காகவே தூக்கி எறியலாம். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு: கொம்ப்ரசர் ஓங்கிய இடங்களை மெதுவாக அமத்தும், லிமிற்றர் எந்த உச்சத்தையும் ஓர் எல்லைக்கு மேல் விடாது. கொம்ப்ரசர் செய்யவேண்டியதை லிமிற்றரின் தலையில் கட்டினால் பாட்டு நசிந்துபோகும்.

முதலில் கொட்டெல்னிகோவ். சத்தத்தின் சராசரியையும் கணநேர உச்சத்தையும் இது தனித்தனியாக அளக்கிறது. அதனால் ரிலீஸ் குமிழும் (அமத்தியதை விடுவிக்க எடுக்கும் நேரம்) இரண்டு: ஒன்று உச்சத்துக்கு, மற்றது சராசரிக்கு. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து வரும் பாட்டுக்கு இதுபோல உதவும் வசதி வேறில்லை. வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அடி கூரான உச்சம். நாதஸ்வரம் நீளமாக ஓடும் சராசரி. ஒரே ரிலீஸை வைத்து இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. இங்கே உச்சத்துக்கு 50 மில்லிசெக்கன் அளவிலும், சராசரிக்கு 200 முதல் 300 வரையும் வைத்துத் தொடங்கலாம்.

மற்றக் குமிழ்கள்: ரேஷியோ (எவ்வளவு கடுமையாக அமத்துவது) 1.5 அல்லது 2, அற்றாக் (அமத்த எடுக்கும் நேரம்) 30 மில்லிசெக்கன். பாட்டில் ஆகச் சத்தமான இடத்தை, அனேகமாகக் கடைசிச் சரணத்துக்குப் பிறகு எல்லா வாத்தியமும் சேரும் இடத்தை, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மீற்றர் 1 முதல் 2 டெசிபெல் குறைப்புக் காட்டும்வரை த்ரெஷோல்டை (கொம்ப்ரசர் வேலை தொடங்கும் சத்த அளவை) இறக்குங்கள். அதற்கு மேல் மாஸ்ரரில் வேண்டாம். 5 டெசிபெல் குறைக்கவேண்டி வந்தால் குறை மிக்ஸில் இருக்கிறது. எந்த ட்ராக் துள்ளுகிறதோ அங்கே போய்த் திருத்துங்கள். பிறகு மேக்கப் குமிழால் குறைந்த சத்தத்தைக் கூட்டி, கொம்ப்ரசர் போட்டாலும் எடுத்தாலும் ஒரே அளவு சத்தம் வரச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால், சத்தம் கூடியதே காதுக்கு நல்லதாகப் படும்.

இதில் ‘டெல்டா’ என்று ஒரு பொத்தான் உண்டு. அமத்தினால் கொம்ப்ரசர் வெட்டி எடுத்தது மட்டும் கேட்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. தாளத்தின் முனைகள் மட்டும் ‘டக், டக்’ என்று கேட்டால் சரி. பாடகரின் முழுச் சொல்லும் விளங்கும்படி கேட்டால் த்ரெஷோல்ட் மிகவும் தாழ்ந்துவிட்டது.

அதிகமாக நடக்கும் கோளாறு இதுதான்: தவிலின் தொப்பியில் கம்பு விழும் ஒவ்வொரு முறையும் சுருதியும் குரலும் உள்ளே போய் வெளியே வருகின்றன. தாழ்ந்த அதிர்வெண்ணில் சக்தி கூட. கொம்ப்ரசர் அதைக் கண்டுதான் முழுப் பாட்டையும் அமத்துகிறது. சைட்செயின் பகுதியில் (கொம்ப்ரசர் எதைக் கேட்டு அமத்துவது என்று தீர்மானிக்கும் இடம்) தாழ்ந்த அதிர்வெண்ணைத் தளர்த்தும் குமிழை 100 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள்; பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் தவிலை மட்டும் தனி பஸ்ஸில் (சில ட்ராக்குகளை மட்டும் சேர்த்து அனுப்பும் வழியில்) அமத்துவதே வழி. இன்னொன்று, அற்றாக்கை 1 மில்லிசெக்கனுக்கு இறக்குவது. மீற்றரில் ஒழுங்காகத் தெரியும், ஆனால் தவில் நாலு வீடு தள்ளி வாசிப்பதுபோல் பின்னால் போய்விடும்.

லவுட்மாக்ஸில் குமிழ்க் கூட்டமே இல்லை. த்ரெஷோல்ட், அவுட்புட் என்று இரண்டு ஸ்லைடர்கள், இரண்டு டிஜிற்றல் மாதிரிகளுக்கு (சாம்பிள்) இடையில் எழும் உச்சத்தைப் பிடிக்கும் ஒரு சுவிட்ச். பழைய மடிக்கணினியிலும் பாரமில்லாமல் ஓடும். த்ரெஷோல்டை இறக்க இறக்கச் சத்தம் தானாகக் கூடும், அவுட்புட் எல்லையைத் தாண்டாது. அவுட்புட்டை −1 டெசிபெல்லில் வைத்து, அந்தச் சுவிட்சைக் கட்டாயம் போடுங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது உச்சங்கள் சிறிது எழும். 0-இல் விட்ட பாட்டு அங்கேதான் கரகரக்கும். குறைப்பு 2, 3 டெசிபெல்லுக்குள் இருக்கும்வரை லிமிற்றர் இருப்பதே தெரியாது. அதைத் தாண்டினால் மத்தளமும் தவிலும் மழுங்கத் தொடங்கும். ரிலீஸை நாங்கள் தொட முடியாது என்பது இதன் பெரிய குறை. ரிலீஸ் தரும் வேறு லிமிற்றர்களில் ஓர் எச்சரிக்கை: 50 ஹேர்ட்ஸ் பேஸின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன் செல்லும், ரிலீஸ் அதைவிடக் குறைந்தால் லிமிற்றர் அலையின் வடிவத்தையே வெட்டும், அது இரைச்சலாகக் கேட்கும்.

எவ்வளவு சத்தம் போதும்? யூலீன் லவுட்னஸ் மீற்றரின் இலவசப் பதிப்பைச் சங்கிலியின் கடைசியில் போட்டு, பாட்டை முதலிலிருந்து முடிவுவரை ஓடவிட்டுப் பாருங்கள். யூரியூப் −14 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்கு மேல் வரும் பாட்டைக் குறைத்துத்தான் ஒலிக்கவிடும். −8 இல் ஏற்றினால் 6 டெசிபெல் குறைந்துவிடும். நசித்த நசிப்பு மட்டும் மிஞ்சும். ஏற்றிய காணொளியில் வலது கிளிக் செய்து ‘ஸ்ராற்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்’ திறந்தால் எவ்வளவு குறைத்தார்கள் என்ற எண் தெரியும். ஏ-9 வீதியில் ஓடும் பஸ்ஸில் எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டிய பாட்டென்றால் −11, −12 வரை போவது நியாயம்.

கோயில் லவுட்ஸ்பீக்கர் தனிக் கதை, கூடுதல் கவனம் கேட்பதும் அதுதான். முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் போன்ற விழாக்களில் குழாய்கள் மணிக்கணக்காகப் பாடும். அந்தக் குழாய்கள் 300, 400 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதிகம் தரமாட்டா, எல்லாம் மோனோ. ஸ்ரூடியோவில் லிமிற்றரை வேலை வாங்கியது பேஸ், குழாயில் கேட்காததும் அதே பேஸ். விளைவு, காரணமே தெரியாமல் அம்மன் பாட்டின் குரல் ஏறி இறங்கும். அதனால் கோயிலுக்குத் தனிப் பிரதி எடுங்கள்: கொம்ப்ரசருக்கு முன்னால் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைத் திருத்தும் கருவி) 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மாஸ்ரரை மோனோவில் கேட்டு, கொம்ப்ரசரையும் லிமிற்றரையும் புதிதாக அமையுங்கள். லிமிற்றர் குறைப்பு 2 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். இதில் காசும் இருக்கிறது. நசித்த பாட்டில் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுவதால், அதே ஒலியளவுக் குமிழில் குழாயின் யூனிற்றுக்குள் (ஒலி எழுப்பும் உட்பகுதி) போகும் சராசரி மின்சக்தி கூடும். கொயில் சூடாகி எரியும். சவுண்ட் சேர்விஸ்காரர் யூனிற் பழுதென்று சொல்லும் சில நாட்களில் காரணம் இறுவட்டிலேயே இருக்கலாம்.

முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடிக் கோவலன் கூத்துப் பதிவுக்கு இந்தச் சங்கிலியை அப்படியே போடவேண்டாம். வசனம் தாழ்ந்தும் பாட்டு ஓங்கியும் வரும். அதைச் சமப்படுத்தும் பொறுப்பைக் கொம்ப்ரசரிடம் விட்டால், ஓங்கிய பாட்டின் உயிர் போய்விடும். வொல்யூம் ஓட்டோமேஷனால் கையால் ஏற்றி இறக்குங்கள், லவுட்மாக்ஸைக் காவலுக்கு மட்டும் வையுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் அண்ணாவியாரின் குரல் அதற்குப் பெறுமதியானது.

கொட்டெல்னிகோவ் நிறம் பூசாது; பழைய அனலொக் இயந்திரத்தின் தடிப்பைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். குமிழ்களும் தொடக்கத்தில் மிரட்டும். பக்திப்பாடலுக்கும் கூத்துக்கும் நிறமற்ற கொம்ப்ரசரே நல்லதென்பது எங்கள் முடிவு.

மிக்ஸ் பாதி முடிந்ததும் கொம்ப்ரசரைப் போட்டு அதற்குள்ளேயே தொடர்ந்து மிக்ஸ் செய்யலாம். லிமிற்றர் கடைசியில் மட்டும். மாஸ்ரரிங்குக்கு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ அனுப்புவதானால் லிமிற்றரைக் கழற்றி, உச்சம் −6 டெசிபெல் அளவில் நிற்க, 24 பிற் வேவ் கோப்பாகக் கொடுங்கள். இறுவட்டுக்கு 16 பிற் ஆக்கும்போது டிதரை (பிற் குறைப்பால் வரும் கரகரப்பை மறைக்கும் மெல்லிய இரைச்சலை) போடுங்கள், லிமிற்றருக்குப் பிறகுதான். ரீப்பர் பதிவு மென்பொருளில் ரெண்டர் பெட்டியிலேயே அதற்கான குறி இருக்கிறது.