ஃபயர்ஸ்டோரைப் படிக்கும் பைத்தான் நிரலகம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

கூகுளின் ஃபயர்ஸ்டோர் தரவுத்தளத்தைப் பைத்தான் மொழியிலிருந்து படிக்க 'கூகுள்-கிளவுட்-ஃபயர்ஸ்டோர்' என்ற அதிகாரபூர்வ நிரலகம் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுதி) இருக்கிறது. சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு சமூக மன்ற அறையில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ்ப் புத்தக இரவல் சேவைக்காக அதைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ 4,000 புத்தகங்கள். வேலை செய்பவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள். கணினிச் செலவுக்கென்று ஒரு வெள்ளிகூட ஒதுக்கீடு கிடையாது. பெரிய நிறுவனங்களின் அளவோடு பார்த்தால் இது தூசு. ஆனால் காசு இல்லாத இடத்தில்தான் இத்தகைய கருவியின் குணம் சீக்கிரம் வெளிப்படுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலகம் நல்ல நிரலகம். நிறுவுவது எளிது, பெயர்கள் தெளிவு, பிழைச் செய்திகள் பெரும்பாலும் உதவுகின்றன. அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒரே விஷயம், அது படிப்பதை மிகவும் எளிதாக்கிவிடுகிறது என்பதுதான். ஃபயர்ஸ்டோரில் ஒரு புத்தகத்தின் பதிவு ஓர் 'ஆவணம்', அதிலுள்ள தலைப்பு போன்ற ஒவ்வொரு விவரமும் ஒரு 'புலம்', ஆவணங்களின் கூட்டம் ஒரு 'தொகுப்பு'. மூன்று வரி எழுதினால் ஒரு தொகுப்பு முழுவதும் வந்து கொட்டும். டாக்சி மீட்டர் போல ஒவ்வோர் ஆவணத்துக்கும் எண் ஏறிக்கொண்டிருப்பது அந்த மூன்று வரிகளில் எங்கும் தென்படாது.

எங்களுக்கு முதல் செயலியை எழுதிக் கொடுத்தது ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனம். அதில் தலைப்புத் தேடல் இப்படி நடந்தது: தேடும் சொல் வந்ததும் புத்தகத் தொகுப்பு முழுவதையும் படித்து, ஒவ்வொரு தலைப்பாக எடுத்துப் பைத்தானிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது. சோதனைக்கு வைத்திருந்த சொற்பப் புத்தகங்களில் அது மின்னல் வேகத்தில் ஓடியிருக்கும். உண்மையான அலமாரி வந்தபோதுதான் கணக்கு உதைத்தது. ஃபயர்ஸ்டோரில் கட்டணமின்றி ஒரு நாளைக்கு 50,000 ஆவணங்கள் படிக்கலாம். ஒரு தேடலுக்கு 4,000 என்றால் பன்னிரண்டு தேடலில் 48,000. பதின்மூன்றாவது குழந்தை புத்தகத்தின் பெயரைச் சொல்லும்போது ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்ற பிழை வரும். எங்கள் கணக்கில் கடன் அட்டை இணைக்கப்படாததால், பணம் கழிவதற்குப் பதிலாகச் சேவை அப்படியே நின்றுவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிற்பகல் மூன்று மணி ஆனதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். தொண்டூழியர்களிடையே அது ஓர் ஐதீகமாகவே வளர்ந்துவிட்டது. "மூன்று மணிக்கு மேல் வாருங்கள் அக்கா, அப்போதுதான் கணினி வேலை செய்யும்" என்று பெற்றோர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். பக்கத்து அறைச் சமையல் வகுப்பு மூன்று மணிக்கு முடிவதால் வைஃபை விடுபடுகிறது என்று ஒருவர் காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். உண்மைக் காரணம் பசிபிக் கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஃபயர்ஸ்டோரின் தினசரி ஒதுக்கீடு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவை ஒட்டிப் புதுப்பிக்கப்படுகிறது. அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது அது நமக்குப் பிற்பகல் மூன்று மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் நான்கு மணி. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சமையல் வகுப்பே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினி நான்கு மணிக்குத்தான் உயிர் பெற்றது. அன்றோடு வைஃபை கோட்பாடு செத்தது.

தேடலை மாற்றி எழுதியதும் பிரச்சினை போய்விட்டது. தேடும் சொல்லில் தொடங்கும் தலைப்புகளை மட்டும் கேட்கும் எல்லை வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விதான் வினவல்), இருபது முடிவுகளுக்கு மேல் வேண்டாம் என்ற வரம்பு, இவ்வளவுதான். இப்போது ஒரு தேடலுக்கு அதிகபட்சம் இருபது ஆவணங்கள். எதுவுமே கிடைக்காத வினவலுக்கும் ஓர் ஆவணம் படித்ததாகக் கணக்கு எழுதப்படும்; அது பரவாயில்லை. தலைப்பின் நடுவில் வரும் சொல்லையும் தேட வேண்டுமானால் தலைப்பைச் சொற்களாகப் பிரித்து ஒரு பட்டியல் புலத்தில் வைத்து, அந்தப் பட்டியலில் இந்தச் சொல் இருக்கிறதா என்று கேட்கலாம். ஆனால் தமிழில் 'கடல்' என்று தேடுபவருக்குக் 'கடலில்', 'கடலின்' எதுவும் அகப்படாது. வேற்றுமை உருபைக் கழித்து வேர்ச்சொல்லைக் காண்பது நம் வேலை, நிரலகத்தின் வேலையல்ல.

அன்றாடப் பயன்பாட்டில் பழகிக்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. ஒரு வினவலை 'கெட்' என்று அழைத்தால் எல்லாவற்றையும் பட்டியலாகத் தரும். 'ஸ்ட்ரீம்' என்றால் ஒவ்வொன்றாக வழங்கும். நினைவகத்தில் வேறுபாடு உண்டு, கட்டணத்தில் இல்லை. 'செலக்ட்' மூலம் தலைப்புப் புலத்தை மட்டும் கேட்டாலும் அப்படித்தான்: வரும் தரவு குறையும், கணக்கில் முழு ஆவணமே ஏறும். பக்கம் பக்கமாகக் காட்ட 'ஆஃப்செட்' பயன்படுத்தினால், தாண்டிச் செல்லும் ஆவணங்களும் படித்தவையாகவே எண்ணப்படும். பக்கத்துக்கு இருபது என்றால் பத்தாம் பக்கத்துக்கு 200. கடைசியாகப் பார்த்த ஆவணத்தைக் கொடுத்து 'ஸ்டார்ட் ஆஃப்டர்' என்று கேட்டால் இருபதோடு முடிந்துவிடும். எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று அறிய எல்லாவற்றையும் கொண்டுவந்து எண்ணத் தேவையில்லை. 'கவுன்ட்' இருக்கிறது, ஆயிரம் இன்டெக்ஸ் (விரைவாகத் தேடத் தரவுத்தளம் வைத்திருக்கும் அட்டவணை) பதிவு வரைக்கும் ஒரே வாசிப்பாகத்தான் கணக்கிடுகிறது. எங்கள் 4,000 புத்தகங்களை எண்ண நான்கு வாசிப்புகள் போதும். இந்த நிரலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

நிபந்தனை எழுதும் முறை இடையில் மாறியது. புலம், குறி, மதிப்பு என்று மூன்றையும் வரிசையாகக் கொடுக்கும் பழைய பாணிக்கு இப்போது எச்சரிக்கை வருகிறது. ஓடாமல் போகாது, ஆனால் நிரல் ஓடும்போது எழுதும் பதிவேடு முழுக்க அந்த வரியே நிறைந்து எரிச்சலூட்டும். மூன்றையும் ஒரே பொருளாகப் பொதிந்து கொடுக்கும் 'ஃபீல்டுஃபில்டர்' வழிக்கு ஒரு மாலையில் மாற்றிவிடலாம்.

தரவு எந்த ஊரில் இருக்கிறது என்பதும் படிக்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. முந்தைய நிறுவனம் தரவுத்தளத்தை அமெரிக்காவில் உருவாக்கியிருந்தது. ஃபயர்ஸ்டோரில் ஒருமுறை தேர்ந்தெடுத்த இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. 'ஏசியா-சவுத்ஈஸ்ட்1' என்ற சிங்கப்பூர் மண்டலத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, பழையதைப் படித்துப் புதியதில் எழுதும் ஒரு சிறு நிரலை ஓடவிட்டோம். அந்த மண்டலத்தின் இருப்பிடமாகக் கூகுள் குறிப்பிடுவது ஜூரோங் வெஸ்ட். எங்கள் சமூக மன்றத்தில் இரவல் கொடுத்த புத்தகத்தின் விவரம் பசிபிக்கைத் தாண்டிப் போய்விட்டு அதே வட்டாரத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது!

அந்தத் தூரம் ஒரு வாசிப்பில் தெரியாது. இரவல் பக்கத்தில்தான் உறைத்தது. ஒரு குடும்பம் எடுத்த ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் தனித்தனியே கேட்கும்படி எழுதியிருந்தார்கள். இருபது புத்தகம் என்றால் இருபது கடற்பயணம். 'கெட் ஆல்' இருபதையும் ஒரே பயணத்தில் கொண்டுவரும். கேட்ட வரிசையில்தான் தரும் என்று மட்டும் நம்பக்கூடாது. வந்தவற்றை அடையாள எண்ணை வைத்து ஓர் அகராதியில் போட்டுக்கொண்டு, தேவையான வரிசையை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு புலங்களில் நிபந்தனையும் வரிசையும் சேர்த்துக் கேட்கும்போது பெரும்பாலும் அந்தப் புலங்களைச் சேர்த்து அமைத்த கூட்டு இன்டெக்ஸ் தேவைப்படும். அது இல்லாவிட்டால் பிழைச் செய்தியிலேயே ஓர் இணைப்பு வருகிறது. சொடுக்கினால் தேவையான இன்டெக்ஸை உருவாக்கும் பக்கம் விவரங்களோடு திறக்கிறது. இவ்வளவு மரியாதையாகப் பிழை சொல்லும் தரவுத்தளத்தை நான் வேறு கண்டதில்லை. சொந்தக் கணினியில் சோதிக்கத் தரப்படும் எமுலேட்டர் கூட்டு இன்டெக்ஸ்களைக் கண்காணிப்பதில்லை என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே பிசிறில்லாமல் ஓடும் வினவல் உண்மையான தளத்தில் முதல் அழைப்பிலேயே நிற்கலாம். ஆகவே புதிய வினவல் எதையும் சனிக்கிழமை மாலையே உண்மைத் தளத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

நேரப் புலங்கள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வருகின்றன. சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால், திங்கள் காலை ஏழு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் போகும்போது இரவலைப் புதுப்பித்தவர், தேதியை அப்படியே வெட்டி எடுத்தால் ஞாயிறே புதுப்பித்தவராகத் தெரிவார். தாமதக் கட்டணம் இருபது காசு என்பதால் எவரும் வழக்குப் போடவில்லை. 'ஏசியா/சிங்கப்பூர்' நேர மண்டலத்துக்கு மாற்றிவிட்டே தேதியைப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசிச் செயலிகளுக்காக நாம் எழுதிவைக்கும் பாதுகாப்பு விதிகள், சர்வரில் ஓடும் இந்த நிரலகத்தைக் கட்டுப்படுத்தாது. அதன் அனுமதி முழுவதும் சேவைக் கணக்கின் (ஆளுக்குப் பதிலாக நிரல் உள்நுழையும் கணக்கின்) பொறுப்புநிலையைப் பொறுத்தது. முந்தைய நிறுவனம் முழு அதிகாரம் கொண்ட சாவிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தது; உறுப்பினர் ஆவணங்களின் பெயராக அடையாள அட்டை எண்ணையே வைத்திருந்தது. சட்டப்படி தேவைப்படும் சூழல்கள், ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டிய சூழல்கள் தவிர அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக்கூடாது என்ற நெறிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கிறது. புத்தகம் இரவல் கொடுக்க அந்த எண் எதற்கு? சாவியை முடக்கினோம், எண்களை அழித்தோம், அறிக்கை எடுக்கும் நிரலுக்குப் படிக்கும் உரிமை மட்டுமுள்ள தனிச் சேவைக் கணக்கு ஒன்றை அமைத்தோம். படிப்பதற்கு மட்டும் பயன்படும் நிரலுக்கு எழுதும் அதிகாரம் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இனி தமிழ். ஃபயர்ஸ்டோர் சொற்களை யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட் வரிசையில் அடுக்குகிறது. கூகுளின் விளக்கக் குறிப்பிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் இடமோ நம் நெடுங்கணக்கின்படி அமையவில்லை. நகரத்துக்குப் பின் னகரம், ரகரத்துக்குப் பின் றகரம், பிறகு ல, ள, ழ, வ என்று போகிறது. அதனால் 'அப்பா'வுக்கு முன் 'அன்பு' வரும், 'அவள்' வரும் முன்னரே 'அழகு' வந்துவிடும். புள்ளிக் குறி எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் இருப்பதால் 'பட்டம்' முதலில் வர வேண்டிய இடத்தில் 'படகு' வந்து நிற்கும். பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் தொண்டூழியர். அச்சிட்ட பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, உங்கள் கணினி அகராதியைப் புரட்டியதே இல்லையா?" என்றார்.

வழி ஒன்றுதான். தலைப்பை எழுதும்போதே, ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கில் உள்ள இடத்தை எண்ணாக மாற்றி, அந்த எண்களை அடுக்கி ஒரு 'வரிசைச் சாவி'யைத் தனிப் புலத்தில் வைத்துவிட வேண்டும். படிக்கும்போது அந்தப் புலத்தின்படி கேட்க வேண்டும். வரிசைப்படுத்தும் புலம் இல்லாத ஆவணம் பட்டியலில் வரவே வராது, பிழையும் காட்டாது. ஆகவே சாவி இல்லாமல் ஒரு புத்தகமும் உள்ளே போகாதபடி பதிவுப் படிவத்தைக் கட்டிப்போட்டிருக்கிறோம்.

இதைவிட நுட்பமான தொல்லை 'கொ', 'கோ', 'கௌ' எழுத்துகளில் இருந்தது. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று, பைட்டுகள் வேறு. கைத்தொலைபேசியில் தட்டச்சு செய்தவர் 'கொடி' என்று தேடுவார்; பழைய கோப்பிலிருந்து ஏறிய 'கொடி' அலமாரியில் இருந்தும் கிடைக்காது. போதாததற்கு, பிரிந்த வடிவில் உள்ள 'கொடி', 'கெ' என்று தொடங்குபவற்றைத் தேடும்போது வந்து நிற்கும்! பைத்தானோடு வரும் 'யுனிகோடுடேட்டா' தொகுதியில் 'என்எஃப்சி' முறையில் இயல்பாக்கினால், அதாவது பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்த்தால், இரண்டும் ஒன்றாகிவிடும். எழுதும்போது ஒருமுறை, தேடும் சொல்லுக்கு ஒருமுறை, இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

நீளத்திலும் ஒரு வரம்பு உண்டு. ஒரு சொற்புலத்தில் முதல் 1,500 பைட்டுகளை மட்டுமே வினவல் பார்க்கும். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் என்பதால் அது 500 குறிகள். தலைப்புக்கு தாராளம், புத்தக அறிமுகக் குறிப்புக்குப் போதாது.

வரிசைச் சாவியில் கிரந்த எழுத்துகளுக்கான இடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஜ, ஸ, ஷ, ஹ நான்கும் னகரத்துக்குப் பின்னால் வர வேண்டும் என்கிறார் எங்கள் ஆசிரியர். குழந்தைகள் சகரத்தின் பக்கத்தில்தான் தேடுவார்கள், 'ஜ' அங்கே இருக்கட்டும் என்கிறார் அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. இப்போதைக்கு ஆசிரியர் சொன்னபடிதான் நிரல் இருக்கிறது. அக்கா வென்றால் எல்லாச் சாவிகளையும் மறுபடி எழுத வேண்டும். ஒரு நாளில் கட்டணமின்றி 20,000 முறை எழுதலாம் என்பதால் 4,000 புத்தகங்களுக்கு அது தாங்கும்.