துபாயில் லேப்டாப்போடு ஒன்றரை வருஷம்

"ரிமோட் வேலைக்கு துபாய் சரிவருமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ரெண்டே கேள்வி. எந்த மாதம் வருகிறீர்கள்? வீட்டிலிருந்து மெட்ரோ எத்தனை நிமிஷ நடை?

வேறு நாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்தபடி வேலை பார்க்க ஓராண்டு விசா 2020 முதல் இருக்கிறது. மாத வருமானம் 3,500 டாலர் காட்டினேன், கிடைத்தது. ஒரு தடவை புதுப்பித்தும் ஆயிற்று. அந்த வேலையெல்லாம் சுலபம். சிக்கல் வீட்டில்தான்.

முதலில் கடலோரப் பகுதியான துபாய் மரீனாவில், முப்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல், வாடகையை நினைத்தால் வயிற்றெரிச்சல். காலி செய்தபோது சுவரில் கீறல் என்று சொல்லி அட்வான்ஸில் பாதியை ஏஜெண்ட் பிடித்துக்கொண்டார். அந்தக் கீறலை இன்றுவரை நான் பார்க்கவில்லை! அப்புறம் ஊரின் பழைய பகுதியான கராமாவுக்கு வந்துவிட்டேன். பழைய கட்டடம், லிஃப்ட் முனகும். ஆனால் கீழே இறங்கினால் தோசை, மளிகை, சலூன். புர்ஜுமான் ஸ்டேஷன் எட்டு நிமிஷம். சிவப்பு, பச்சை இரண்டு மெட்ரோ தடங்களும் அங்கே சந்திப்பதால் கார் வாங்கும் யோசனையே வரவில்லை. நோல் என்கிற பயண கார்டில் ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹாம்தான்.

அந்த எட்டு நிமிஷம் ஜனவரியில் உலா, ஆகஸ்டில் தண்டனை. ஏசியை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. துடைத்துப் போட்டு பத்தடி நடப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்க அரசே தடை போட்டிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வந்துவிடுங்கள்.

இணைய வேகம் குறை சொல்ல முடியாது. ஆனால் வாட்ஸ்அப்பில் கால் பேச முடியாது. முதல் வாரம் அம்மாவுக்கு அடித்தேன். மணி அடித்தது, எடுத்தார், சத்தம் மட்டும் இல்லை. உடனே மெசேஜ்: "என்னப்பா, பேசாம நிக்கிற?" ஜூம், டீம்ஸ் இரண்டும் ஓடுகின்றன, ஆபீஸுக்கு அது போதும். அம்மாவும் இப்போது மீட்டிங் லிங்க்கை அழுத்திதான் என்னோடு பேசுகிறார்.

எங்கள் குழு லண்டனில். குளிர்காலத்தில் அங்கே காலை 9 என்றால் இங்கே மதியம் 1. காலை முழுக்க என்னுடையது. பெரும்பாலும் பர் துபாய் துறைக்குப் போய் அப்ரா படகில் கடற்கழியைத் தாண்டி எதிர்க்கரையில் இருக்கும் தேரா பக்கம் கடப்பேன். இன்னும் 1 திர்ஹாம்தான். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை நீட்டினால் படகுக்காரர் முறைப்பார்.