எட்டாமல் வைப்பதா, "விடு" என்று பழக்குவதா?

நாய் சாப்பாட்டைத் திருடுகிறதா? உணவை அதன் வாய்க்கு எட்டாமல் வைக்கலாம். எட்டினாலும் தொடாதபடி பழக்கலாம்.

முதல் வழி இன்றைக்கே பலிக்கும். சமையல் மேடையைக் காலியாக வையுங்கள், குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள், சமையலறை வாசலில் தடுப்பு வையுங்கள். அவ்வளவுதான். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். ஒருவர் மறந்துபோய்த் தட்டை ஓரத்தில் வைத்தால் போச்சு. பலமுறை ஏமாந்தாலும், எப்போதாவது ஒருமுறை கிடைத்துவிட்டால் திருட்டுப் பழக்கம் இன்னும் கெட்டிப்படும்.

இரண்டாவதற்குப் பொறுமை தேவை. மூடிய கைக்குள் ஒரு தீனித்துண்டு. நாய் முகரும், நக்கும், காலால் பிராண்டும், கையைத் திறக்காதீர்கள். அது மூக்கைப் பின்னுக்கு இழுக்கிற அதே நொடியில், மறு கையிலிருந்து அதைவிட ருசியான ஒன்றைக் கொடுங்கள். இது பழகியதும் "விடு" என்ற சொல்லைச் சேருங்கள். அப்புறம் தரையில் வைத்து, அதற்கப்புறம் மேடை ஓரத்தில். தின்று முடித்த பிறகு திட்டுவது வீண். நீங்கள் இல்லாத நேரம் பார்த்துத் திருடத்தான் அது கற்றுக்கொள்ளும்.

சரி, ஆளில்லாத அறையில் "விடு" சொல்ல யார் இருக்கிறார்கள்? சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் எல்லாம் நாய்க்கு நஞ்சு. பயிற்சியை நம்பி இவற்றை வெளியே வைக்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு மூடிக்கே. நடைக்குக் கூட்டிப்போகும்போது கீழே கிடப்பதைக் கவ்வுகிற நாய்க்கு மட்டும் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை.