பரிசாக ஒயின் வாங்குகிறீர்களா? தாள் சுற்றும் முன் பாட்டிலைப் பாருங்கள்

யாருக்காவது நன்றி சொல்ல ஒயின் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையில் எனக்குக் காட்டியது ஒரு பாட்டில். பரிசுத்தாள் சுற்றி என் கையில் கொடுத்தது வேறு பாட்டில். நஷ்டம் எனக்கு மட்டும் என்றால் விட்டுத் தொலைத்திருப்பேன். எங்களுக்கு உதவிய மனிதர்களின் மேசையில் கெட்டுப்போன ஒயின் போய் உட்கார்ந்ததே, அதுதான் மனசு ஆறவில்லை.

அம்மா மருத்துவமனையில் இருந்தபோது எங்கள் பையனைத் தங்கள் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டவர்கள் பக்கத்து வீட்டு அண்ணனும் அக்காவும். ராத்திரி நாங்கள் வரத் தாமதமானால் சாப்பிட வைத்துத் தூங்கவும் வைத்திருப்பார்கள். பணமாக எதையும் வாங்குகிறவர்கள் இல்லை. இருவருக்கும் ஒயின் பிடிக்கும், அதிலும் புளிப்புத் தூக்கலான, லேசான வெள்ளை ஒயின். அதனால் எதை வாங்குவது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை.

கடைக்காரர் முதலில் ஒரு ஸ்பார்க்லிங் ஒயினை, அதாவது நுரை பொங்கும் ஒயினை, நீட்டினார். “இதுக்கு மேல டிரை கிடையாது சார்” என்றார். டிரை என்றால் இனிப்பில்லாதது. லேபிளில் எக்ஸ்ட்ரா டிரை என்று இருந்தது. உண்மையில் அது ப்ரூட் என்று லேபிள் போட்ட வகையைவிட இனிப்பு. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் வரைதான் சர்க்கரை இருக்கலாம், எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம் வரை. வேண்டாம் என்றதும் தங்கப் பதக்க ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொன்று வந்தது. பதக்கம் எந்த ஆண்டு அறுவடைக்குக் கிடைத்தது என்று கேட்டேன், பதில் இல்லை. போட்டியில் ஜெயித்தது ஒரு ஆண்டின் ஒயினாகவும், அலமாரியில் நிற்பது வேறு ஆண்டின் ஒயினாகவும் இருந்தால் அந்த ஸ்டிக்கரால் ஒரு பயனும் இல்லை.

கடைசியில் குளிர்பெட்டியிலிருந்து நான் நினைத்த மாதிரியே ஒரு வெள்ளை ஒயினை எடுத்துக் காட்டினார். புதிய அறுவடை, வெளிர் மஞ்சள் நிறம். சரி, இதையே கொடுங்கள் என்றேன். “உள்ள வெச்சு கிஃப்ட் பேக் பண்ணித் தர்றேன் சார்” என்று எடுத்துப் போனார். பெட்டி, தாள், ரிப்பன் எல்லாம் சுற்றி வந்தது. பில்லில் ‘ஒயிட் ஒயின், கிஃப்ட்’ என்று மட்டும் அடித்திருந்தது. தயாரிப்பாளர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை.

அக்கா அடுத்த வாரம் “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றுதான் சொன்னார். ஏதோ ஒரு வேலையாக அவர்கள் சமையலறைக்குள் போனபோது அந்தப் பாட்டில் கண்ணில் பட்டது. ஆளுக்கு ஒரு வாய் மட்டும் ஊற்றியிருப்பார்கள் போல, கிட்டத்தட்ட முழுதாகவே இருந்தது. உள்ளே இருந்தது தேநீர் நிறம். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் அக்கா தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார்: “திறந்தப்பவே ஒரு மாதிரி வாடை. நீங்க ஆசையா வாங்கினது, எப்படிச் சொல்றது?”

பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பெயர் அதேதான். ஆண்டு மட்டும் நான் கடையில் பார்த்ததைவிட ஆறு ஆண்டு பழையது. கழுத்தில் உறைக்குக் கீழே பிசுபிசுப்பாக ஒரு கோடு காய்ந்து போயிருந்தது. கார்க்கின் பக்கவாட்டில் அடியிலிருந்து மேல்வரை ஒயின் ஏறிய கறை. வெயிலிலோ சூடான கிடங்கிலோ கிடந்தால் உள்ளே இருக்கும் ஒயின் விரிந்து கார்க்கை ஒட்டிக் கசிந்து வெளியே வரும், பிறகு அதே வழியாகக் காற்று உள்ளே போகும். வெள்ளை ஒயின் பழுப்பாவது அப்படித்தான். போதாததற்குப் பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்காத நிறமில்லாத கண்ணாடி. ஒயினிலேயே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் வெளிச்சத்தை வாங்கி மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க, கந்தகச் சேர்மங்கள் உண்டாகி வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும். பளிச்சென்ற விளக்கின் கீழ் அழகுக்கு நிற்க வைத்த பாட்டில்களுக்கு இதுதான் கதி. அந்தக் கடையின் கண்ணாடி முகப்பில் இதே ஒயின் வரிசையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பாட்டிலோடு கடைக்குப் போனேன். “ஒயின் பழசாக ஆகத்தான் சார் மதிப்பு” என்றார் அதே ஆள். இது அப்பட்டமான பொய். உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதற்காகவே தயாராகிறது. அமிலமும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இனிப்பும் தாங்கிப் பிடிக்கும் சில வகைகள்தான் பத்து, இருபது ஆண்டு நிற்கும், அதுவும் 12, 13 டிகிரி குளிரில், இருட்டில், கார்க் காயாமல் படுக்க வைத்திருந்தால். லேசான வெள்ளையும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் அந்த ரகம் இல்லை. நான் கேட்ட ஆண்டு இதுவல்லவே என்றால், “பில்லில ஆண்டு இல்லையே சார்” என்றார். முதலாளியிடம் பேசினேன். திறந்த பாட்டிலைத் திரும்ப வாங்க மாட்டார்களாம், வேண்டுமானால் அடுத்த முறை தள்ளுபடி தருவார்களாம். மன்னிப்பாக ஒரு வார்த்தைகூட இல்லை. கோபத்தில் கை நடுங்கியது.

இது கைத்தவறு என்று நான் நம்பவில்லை. பரிசுப் பாட்டிலை வாங்கியவர் திறப்பதில்லை. திறப்பவர் விலை கொடுத்தவர் இல்லை என்பதால் குறை சொல்லக் கூச்சப்படுவார். விற்காமல் தங்கிப்போன சரக்கைத் தள்ளிவிட இதைவிடத் தோதான வழி எந்தக் கடைக்குக் கிடைக்கும்?

அதனால் தாள் சுற்றுவதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் சுற்றாத பாட்டிலாகவே வாங்கி வீட்டில் நீங்களே சுற்றிக்கொள்ளுங்கள். நின்ற நிலையில் கழுத்தில் ஒயின் எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். புதிய ஒயினில் மட்டம் கழுத்துக்குள்ளேயே இருக்கும், தோள்பட்டை வரை இறங்கியிருந்தால் வேண்டாம். கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலும் வேண்டாம். முகப்பில் நிற்பதைத் தொடாதீர்கள், உள்ளே இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். திருகு மூடி போட்டது மட்டம் என்று நினைத்து ஒதுக்கவும் வேண்டாம், இந்த மாதிரி வெள்ளை ஒயினுக்கு அது மிக நல்ல மூடி. தடித்த கனமான பாட்டிலும் அடியில் ஆழமான குழியும் தரத்துக்குச் சாட்சி இல்லை. பில்லில் பெயரையும் ஆண்டையும் எழுதி வாங்குங்கள். கார்டில் கொடுத்திருந்தால் அந்த ஒரு வரி வங்கியிடம் முறையிடும்போது உங்களுக்குத் துணை நிற்கும்.

எல்லாக் குறைக்கும் கடையைத் திட்டவும் கூடாது. அடியில் கண்ணாடித் தூள் போல மின்னுவது டார்டாரிக் அமில உப்பின் படிகம், குடித்தால் ஒன்றும் செய்யாது. ஈரமான பழைய அட்டை போல வாடை வந்தால் அது டிசிஏ என்ற சேர்மம் கார்க்கிலிருந்து இறங்கியது, வெளியே பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல கடை என்றால் திறந்த பிறகும் அதை மாற்றித் தரும். வாங்கும்போதே ‘கார்க் கெட்டிருந்தால் மாற்றுவீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். என்ன முகத்தோடு பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

உங்களுக்கு யாராவது ஒயின் தந்து அது கெட்டிருந்தால், தயவுசெய்து கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். மனம் நோகும் என்று மறைத்தால் அந்தக் கடை அடுத்தவருக்கும் அதையே கட்டிக் கொடுக்கும். கொட்டிவிடாமல் மூடி வையுங்கள், கார்க்கையும் எடுத்து வையுங்கள். மாற்றித் தருகிற கடைகளும் பாட்டில் பெரும்பாலும் நிறைந்திருந்தால்தான் பேச்சுக்கே வருவார்கள்.